பேஸ்மேக்கர் பொருத்திய பின் வந்த இதயச் செயலிழப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 66 வயது ஆண். ஒரே வாரத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்ததால் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். இசிஜியில் முழுமையான ஹார்ட் பிளாக் தெரிந்தது. மேலறைகள் நிமிடத்துக்கு 84 முறை துடித்தன. அந்தத் துடிப்பு எதுவும் கீழே இறங்காததால் கீழறைகள் தம் போக்கில் 32 முறை மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. பல ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை நோய் இல்லை. நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எதையும் அவர் சாப்பிடவில்லை. பொட்டாசியமும் தைராய்டும் சரியாக இருந்தன. எக்கோவில் இஎஃப், அதாவது இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் பங்கு, 58 சதவீதம்.

சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் கிடைக்காததால் இரு அறை பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. ஒரு லீட், அதாவது தூண்டலைக் கொண்டுசெல்லும் மின்கம்பி, வலது மேலறையில், இன்னொன்று வலது கீழறையின் நுனியில். ரத்தநாளம் வழியாகச் செல்லும் லீட் அந்த நுனியில் எளிதாகப் பிடித்து நிற்கும் என்பதால் பல பத்தாண்டுகளாக அதுவே வழக்கமான இடம். இதயத்தின் வலிமை நன்றாக இருந்த ஒருவருக்கு அந்த முடிவை எடுத்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. இப்படிப் பொருத்திக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் சிக்கலில்லாமல் வாழ்கிறார்கள். இவரும் பத்தே நாளில் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார். மயக்கம் அதன்பின் வரவே இல்லை.

நான்கு ஆண்டுப் பரிசோதனைகள்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேஸ்மேக்கர் பரிசோதனை நடந்தது. அந்தத் தாள்கள் அனைத்தும் பின்னாளில் எங்கள் கைக்கு வந்தன. பேட்டரி போதுமான அளவு இருந்தது. கீழறை லீட்டின் த்ரெஷோல்ட், அதாவது தசையைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம், 0.75 வோல்ட்டைத் தாண்டவில்லை, மின்தடை 540 ஓம் அளவில் நிலையாக நின்றது. ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘கருவி சரியாக இயங்குகிறது’ என்று எழுதியிருந்தது. அது உண்மைதான்.

அதே தாளில் இன்னொரு எண்ணும் அச்சாகியிருந்தது. கீழறை பேஸிங், அதாவது கீழறைத் துடிப்புகளில் கருவி தூண்டியவற்றின் பங்கு, 99 சதவீதம், அடுத்த தாளில் 100, அதற்கடுத்ததில் 99. முழு ஹார்ட் பிளாக் உள்ளவருக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. இயல்பான கடத்தலுக்கு இடம்விட்டுக் காத்திருக்கும் அமைப்புகள் பல பேஸ்மேக்கர்களில் உண்டு. ஆனால் கடத்தலே இல்லாதவரிடம் அவை எதற்காகக் காத்திருக்கும்? எனவே எண்ணைக் குறைக்க வழியில்லை. குறைக்க முடியாத எண் என்பதால், காலப்போக்கில் அதைப் படிப்பதையே எல்லோரும் விட்டுவிட்டதாகத் தெரிகிறது. அந்த நான்கு ஆண்டுகளில் எக்கோ ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை. உடலின் மேல் பன்னிரண்டு கோணங்களில் பதியும் 12 லீட் இசிஜியும் இல்லை; கருவியைப் பரிசோதிக்கும் புரோகிராமர் கணினியின் திரையில் ஓடும் கோடுகளே போதுமென்று விடப்பட்டிருந்தது.

நான்காம் ஆண்டின் இறுதியில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் எடை கூடியதால் என்றார்கள். பிறகு நுரையீரல் பரிசோதனை செய்து, இழுப்பு மருந்து கொடுத்தார்கள். இடையில் மறுபடி பேஸ்மேக்கர் பரிசோதனை, மறுபடி ‘சரியாக இயங்குகிறது’. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரும் நிலையும் கணுக்கால் வீக்கமும் வந்தபின்தான் எங்களிடம் வந்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி: “மெஷின் நல்லா ஓடுதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க டாக்டர், அப்புறம் எனக்கு ஏன் மூச்சு வாங்குது?”

கண்டவை

ரத்த அழுத்தம் 108/70. கழுத்து நாளம் புடைத்திருந்தது, நுரையீரலின் அடிப்பகுதியில் நீர்க்கோப்பின் சத்தம் கேட்டது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.7, இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி 2,900; இரண்டும் இயல்பைவிட அதிகம். இசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் ஒவ்வொரு கியூஆர்எஸ் அலையும் பேஸ்மேக்கரின் தூண்டலால் எழுந்ததே. அகலம் 182 மில்லிசெகண்ட். எக்கோவில் இஎஃப் 31 சதவீதம். இடது கீழறை 62 மில்லிமீட்டராக விரிந்திருந்தது, மைட்ரல் வால்வில் மிதமான கசிவு. அறையின் நடுச்சுவர் முதலில் சுருங்கி முடித்துத் தளரும் வேளையில்தான் எதிர்ப்புறச் சுவர் சுருங்கத் தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

பேஸிங்கே காரணம் என்ற ஐயம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் இந்த நோயை நேரடியாகக் காட்டும் சோதனை எதுவும் கிடையாது, பிற காரணங்களை விலக்கித்தான் இதற்கு வர முடியும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இதயம் தளர்ந்தால் உடனே பேஸ்மேக்கரைக் குற்றம் சொல்வதும், அதை நினைத்தே பார்க்காமல் இருப்பதைப் போன்ற அவசரம்தான். கரோனரி ஆஞ்சியோகிராமில் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை. கருவியின் நினைவகத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறையின் ஒழுங்கற்ற துடிப்போ கீழறையின் அதிவேகத் துடிப்போ பதிவாகவில்லை, கூடுதல் துடிப்புகளும் மிகக் குறைவு. லீட் செல்லும் டிரைகஸ்பிட் வால்வில் லேசான கசிவு மட்டுமே. ஹார்ட் பிளாக்கும் தசைத் தளர்வும் ஒருவரிடமே சேர்ந்து வந்தால் தசையில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் நோயை மறக்கக் கூடாது. இளையவர்களிடம் அந்த எச்சரிக்கை இன்னும் அழுத்தமானது என்றாலும் இவருக்கும் அதைப் பார்த்தோம். அவருடைய கருவியும் லீட்களும் எம்ஆர்ஐக்கு ஏற்றவை என்பதால் ஸ்கேன் எடுக்க முடிந்தது. ஜெனரேட்டரின் (பேட்டரி உள்ள பேஸ்மேக்கர் பெட்டி) நிழல் சில படங்களைக் கெடுத்தாலும் தசையில் வடு எதுவும் தெரியவில்லை.

நுனியிலிருந்து தூண்டினால் என்ன ஆகிறது

இயல்பான இதயத்தில் மின் அலை, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஏவி (AV) கணுவைத் தாண்டி ஹிஸ் கற்றையில் இறங்கி, இடது வலது கிளைகளாகப் பிரிந்து, பர்கின்ஜி இழைகள் வழியாக இரு கீழறைகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அந்த இழைகளில் அலை விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் ஓடும். வலது கீழறையின் நுனியில் தூண்டும்போது அந்த வழித்தடத்துக்கு வெளியே அலை பிறக்கிறது. தசைச்செல்லிலிருந்து தசைச்செல்லுக்குத் தாவித் தாவி, விநாடிக்கு ஒரு மீட்டரும் எட்டாத வேகத்தில் அது பரவுகிறது. நெடுஞ்சாலை இருக்க வயல்வரப்பில் நடப்பது போன்றது இது. இடது கீழறையின் வெளிச்சுவர் கடைசியாகச் சுருங்க, நடுச்சுவரின் உழைப்பு வீணாகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் சிலருக்கு அறை விரிந்து தளர்கிறது.

சிலருக்குத்தான், எல்லோருக்கும் அல்ல. அதிக அளவு பேஸிங் தேவைப்படுபவர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதத்தினருக்கு இது வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பேஸிங் 20 சதவீதத்தைத் தாண்டுவதும், தூண்டப்பட்ட கியூஆர்எஸ் 150 மில்லிசெகண்டுக்கு மேல் அகல்வதும், ஆணாக இருப்பதும் ஆபத்தைக் கூட்டுபவை. மூன்றும் இவரிடம் இருந்தன. இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. பேஸிங் தேவைப்படாத ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்த உடலில் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர்) நோயாளிகளுக்கு நிமிடத்துக்கு 70 என்று இரு அறை பேஸிங் கொடுத்தால் நிலைமை மோசமாவதை டேவிட் ஆய்வு 2002-இலேயே காட்டியது. கீழறை பேஸிங் 40 சதவீதத்தைத் தாண்டினால் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் ஆபத்து கூடுவதை மோஸ்ட் ஆய்வின் தரவுகள் 2003-இல் சொல்லின.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் கேள்வி, மருந்து மட்டும் போதுமா என்பது. எங்கள் குழுவில் ஒருவர், முழு அளவு மருந்துகளைக் கொடுத்து மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் கருவியில் கை வைக்க வேண்டும் என்றார். மற்ற வகை இதயத் தளர்ச்சியில் அதுதான் ஒழுங்கு. இங்கே நிலைமை வேறு. நோயை உண்டாக்கும் தூண்டல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது, மருந்தால் அதைத் தொட முடியாது. புடாபெஸ்ட்-சிஆர்டி ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இவரைப் போலவே அதிக வலது கீழறை பேஸிங்கும் தளர்ந்த இதயமும் கொண்ட 360 பேரில், சிஆர்டிக்கு (இரு கீழறைகளையும் ஒருங்கே தூண்டும் சிகிச்சை) மாற்றப்பட்டவர்களில் 32.4 சதவீதத்தினருக்கும், பழைய தூண்டலிலேயே ஐசிடி மட்டும் பெற்றவர்களில் 78.9 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் அந்த ஆய்வின் மோசமான முடிவுகளில் ஒன்று நேர்ந்தது. விரிந்த அறை போதிய அளவு சிறிதாகாமல் போவதும் அம்முடிவுகளில் அடங்கும் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் இடைவெளி பெரிது. மருந்துகளை அன்றே தொடங்கி, ரத்த அழுத்தம் இடம் கொடுத்த அளவுக்குக் கூட்டி, நீர்க்கோப்பு வடிந்ததும் கருவியை மாற்றுவது என்று முடிவானது.

அடுத்தது, எந்த வழியில் மாற்றுவது. ஒரு வழி, கரோனரி சைனஸ் என்ற இதயச் சிரை வழியாக இடது கீழறையின் வெளிப்புறத்துக்கு மூன்றாவது லீட் கொண்டுபோய் இரு பக்கமும் தூண்டும் வழக்கமான சிஆர்டி. 813 பேரைக் கொண்ட கேர்-ஹெச்எஃப் ஆய்வு 2005-இல் இறப்பையே குறைத்துக் காட்டிய முறை அது. மற்றொன்று, நடுச்சுவரைத் துளைத்து லீட்டை இடது கிளையின் அருகே பதித்து, இயல்பான வழித்தடத்தையே தட்டியெழுப்பும் இடது கிளைப் பேஸிங். 2017-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது வேகமாகப் பரவிவிட்டது. அதன் ஆதாரம் பெரும்பாலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பதிவுகளிலிருந்து வந்தது. சான்று வலுவாக உள்ளதை முதலில் முயல்வது என்று தீர்மானித்தோம்.

கூடவே ஒரு வரம்பையும் எழுதிவைத்தோம். சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்திருந்ததால் எக்ஸ்ரேயில் நாளங்களைக் காட்டும் கான்ட்ராஸ்ட் திரவம் 60 மில்லியைத் தாண்டக் கூடாது. கரோனரி சைனஸில் ஒரு மணி நேரத்துக்குள் நல்ல இடம் கிடைக்காவிட்டால் விவாதம் இல்லாமல் இடது கிளைக்கு மாற வேண்டும். இதை முன்கூட்டியே எழுதிவைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கேத் லேபில் (இத்தகைய லீட்களைப் பொருத்தும் அறை) ‘இன்னும் ஒரே ஒரு வயர்’ என்பதற்கு முடிவே கிடையாது.

மூன்றாவது, டிஃபிப்ரிலேட்டர் வேண்டுமா என்பது. இஎஃப் 35-க்குக் கீழ் இருப்பதால் வேண்டும் என்று வாதிடலாம். புடாபெஸ்ட் ஆய்விலும் சிஆர்டி குழுவுக்கு அது சேர்த்தே பொருத்தப்பட்டது. ஆனால் இவருக்குத் தசையில் வடு இல்லை, ஆபத்தான துடிப்பு நான்காண்டில் ஒருமுறைகூடப் பதிவாகவில்லை, காரணத்தை நீக்கினால் இஎஃப் ஏறும் என்ற நியாயமான எதிர்பார்ப்பும் இருந்தது. அவரிடமும் அவர் மனைவியிடமும் இரு பக்கத்தையும் விளக்கினோம். தேவையில்லாத ஷாக் ஆபத்தை ஏற்க அவர் விரும்பவில்லை. டிஃபிப்ரிலேட்டர் இல்லாத சிஆர்டி என்று முடிவாயிற்று.

சிக்கல்களைப் பற்றியும் மழுப்பாமல் பேசினோம். பழைய ஜெனரேட்டரை மாற்றுவது ஒரு வேலை, புதிய லீட் சேர்ப்பது முற்றிலும் வேறொரு வேலை. 2010-இல் வெளியான ரீப்ளேஸ் பதிவேட்டில் ஜெனரேட்டர் மட்டும் மாற்றியவர்களில் 4 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் பெரிய சிக்கல் வந்தது. லீட்டும் சேர்த்தவர்களில் அது 15.3 சதவீதம். அந்த எண்ணைக் கேட்டு அவர் மனைவி சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் வந்து சம்மதம் சொன்னார்கள்.

கேத் லேபில்

தூண்டலை நிறுத்தினால் இவருக்குச் சொந்தத் துடிப்பு கிட்டத்தட்ட இல்லை. எனவே தொடை நாளம் வழியாகத் தற்காலிகப் பேஸிங் வயர் முதலில் வைக்கப்பட்டது. சுடுகருவியின் மின்னோட்டத்தைத் துடிப்பென்று தவறாக உணர்ந்து பேஸ்மேக்கர் தூண்டலை நிறுத்திவிடாதபடி அதை உணர்வில்லாத தூண்டல் முறைக்கு மாற்றினோம். ஆன்டிபயாட்டிக் முன்பே கொடுக்கப்பட்டது. ஜெனரேட்டரைச் சுற்றி ஆன்டிபயாட்டிக் உறை வைப்பதும் திட்டத்தில் இருந்தது. 2019-இன் ரேப்-இட் ஆய்வில் அது பெருந்தொற்றை 1.2-இலிருந்து 0.7 சதவீதமாகக் குறைத்திருந்தது.

சிரைகளைக் காட்டும் வெனோகிராமில் இடது தோள்பட்டை நாளம் பழைய லீட்களைச் சுற்றிக் குறுகியிருந்தது; வழுக்கும் வயர் ஒன்று மெதுவாக உள்ளே போயிற்று. கரோனரி சைனஸைப் பிடிப்பதில் சிரமம் இல்லை. வெளிப்புறச் சுவருக்கு ஒரே ஒரு கிளை நாளம்தான் இருந்தது. நான்கு மின்முனை கொண்ட லீட்டை அதில் வைத்து எல்லா இணைகளையும் சோதித்தோம். தசையைத் தூண்டும் வோல்ட்டிலேயே உதரவிதான நரம்பும் தூண்டப்பட்டு, வயிறு விக்கலெடுப்பதுபோல் துள்ளியது. முன்புறக் கிளையில் வைத்தால் லீட் நிற்கும், ஆனால் அங்கிருந்து தூண்டுவதால் பயன் குறைவு என்று அறிந்தே வைப்பதாகும். வரம்பு நேரம் நெருங்கியது, நிறுத்தினோம்.

பிறகு இடது கிளை. ஹிஸ் கற்றை இருக்குமிடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே நடுச்சுவரில் லீட்டைச் செங்குத்தாக வைத்துத் திருகினோம். முதல் இடத்தில் மின்தடை திடீரென்று சரிந்தது; சுவரைக் கடந்து இடது அறைக்குள் எட்டிப்பார்க்கிறது என்பதன் அடையாளம் அது. உடனே பின்வாங்கி வேறிடம் போனோம். இரண்டாம் இடத்தில் இசிஜியின் வி1 கோட்டில் கடைசியாகச் சிறு ஆர் அலை எழுந்தது, தூண்டலிலிருந்து வி6 கோட்டில் ஆர் அலையின் உச்சிக்கு 72 மில்லிசெகண்ட்; இடது கிளை பிடிபட்டதன் அடையாளங்கள் இவை. கியூஆர்எஸ் 182-இலிருந்து 120-க்கு இறங்கியது.

லீட்டை எந்தத் துளையில் செருகுவது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். புதிய லீட்டை மட்டும் நம்பி, முழுக்கப் பேஸ்மேக்கரையே சார்ந்த ஒருவரை விட எங்களுக்கு மனமில்லை. எனவே சிஆர்டி ஜெனரேட்டரில் ‘இடது கீழறை’ துளையில் இடது கிளை லீட்டும், ‘வலது கீழறை’ துளையில் பழைய லீட்டும் இணைக்கப்பட்டன. இடது கிளை முதலில் தூண்டப்பட்டு, 80 மில்லிசெகண்ட் கழித்துப் பழைய லீட் காவலுக்கு மட்டும் தூண்டும்படி அமைத்தோம்.

பின் நடந்தவை

இரண்டாம் நாள் வீடு திரும்பினார். சிறுநீரகம் மோசமாகவில்லை, காயம் சுத்தமாக ஆறியது. மூன்றாம் மாதம் இஎஃப் 40 சதவீதம், மைட்ரல் கசிவு லேசானதாகச் சுருங்கியது. மாடி ஏறுகிறார், தட்டையாகப் படுத்துத் தூங்குகிறார்.

ஐந்தாம் மாதம் வீட்டுக்கு அருகிலுள்ள வேறோர் இடத்தில் வழக்கமான கருவிப் பரிசோதனை நடந்தது. கருவியின் பெயரில் சிஆர்டி என்று இருந்ததால், இரண்டு லீட்களும் வழக்கம்போல் ஒரே நேரத்தில் தூண்டும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்தது. துளையில் எழுதியிருப்பதைப் பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது இடது கிளை லீட் என்று தெரிய வழியில்லை. அறிக்கையில் இருபுறப் பேஸிங் 99 சதவீதம், எல்லாம் சரி. அடுத்த மாதம் எங்களிடம் எடுத்த 12 லீட் இசிஜியில் கியூஆர்எஸ் 146 ஆகியிருந்தது, வி1-இன் கடைசி ஆர் அலையைக் காணோம். அவருக்கு ‘கொஞ்சம் சோர்வு’ என்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. 80 மில்லிசெகண்ட் இடைவெளியைத் திரும்ப வைத்ததும் அலை பழைய வடிவத்துக்கு வந்தது.

ஓராண்டு முடிவில் இஎஃப் 50 சதவீதம், இடது கீழறை 53 மில்லிமீட்டர், என்டி-புரோபிஎன்பி 480.

நடைமுறையில் மாற்றியவை

கீழறை பேஸிங் 20 சதவீதத்தைத் தாண்டும் எல்லோருக்கும், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை எக்கோவும் 12 லீட் இசிஜியும் இப்போது எங்கள் கிளினிக்கில் கட்டாயம். பரிசோதனைத் தாளில் பேஸிங் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே கடைசி இஎஃப் எழுதும் கட்டம் சேர்த்திருக்கிறோம். காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை. மூச்சிரைப்போடு வருபவருக்கு ‘கருவி சரி’ என்ற வரி மட்டும் விடையாக எழுதப்படுவதில்லை.

இடது கிளை லீட் உள்ளவர்களிடம், எந்தத் துளையில் எது இருக்கிறது, எந்த இடைவெளியை மாற்றக் கூடாது, சரியான கியூஆர்எஸ் எப்படியிருக்கும் என்பதை அச்சிட்ட இசிஜியோடு ஓர் அட்டையாகக் கொடுத்து அனுப்புகிறோம். கருவியின் நினைவகத்தில் குறிப்பெழுதும் இடத்திலும் அதே வரிகள்.

முதல் பேஸ்மேக்கரிலேயே இடது கிளையைத் தேர்ந்திருக்கலாமே என்று எங்களுக்குள் பலமுறை பேசினோம். கிட்டத்தட்ட முழு நேரமும் பேஸிங் தேவைப்படும் என்பது முதல் நாளே தெரிந்த நோயாளிக்கு இப்போது நாங்கள் அதையே முதலில் முயல்கிறோம். இஎஃப் நன்றாக உள்ள எல்லோருக்கும் அதுவே வழி என்று கூற எங்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை. நடுச்சுவரில் பதித்த லீட்கள் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கும், எடுக்க வேண்டி வந்தால் எப்படி வரும் என்பதற்கெல்லாம் காலம்தான் போதவில்லை.

ஓராண்டுச் சந்திப்பில், “இதயம் சரியாயிடுச்சுல்ல டாக்டர், மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று கேட்டார். நோய்க்குக் காரணமான தூண்டலை மாற்றிவிட்டதால் அது அர்த்தமுள்ள கேள்விதான். ஆனால் தளர்ந்து தேறிய இதயங்களில் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த டிரெட்-ஹெச்எஃப் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் 44 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. அவர்கள் வேறு வகைத் தளர்ச்சி உள்ளவர்கள், இவருக்கு அது அப்படியே பொருந்தாமல் போகலாம். அப்படியிருந்தும் சோதித்துப் பார்க்க நாங்கள் தயாராக இல்லை. நீர் பிரியும் மாத்திரையை மட்டும் நிறுத்தினோம். மற்றவை தொடர்கின்றன.